களப் புத்தகத்தில் மூன்றாவது குரைப்பு

1

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போயிருக்கும் என் மகள் இன்று மாலை நான்கு மணிக்கு அழைத்துப் பதினோரு நிமிடம் பேசினாள். அதில் ஆறு நிமிடம் சிரிப்பு, நான்கு நிமிடம் அழுகை, ஒரு நிமிடம் செய்தி. அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு நிமிடம் என்பது பெரிய மூலதனம்.

மகளும் மருமகனும் வீடு வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: "அலைகள் ஆர்ப்பரிக்கும் அழகிய கடலோரத்தில்..." (அடித்துவிட்டேன். காலண்டரில் படத்துக்குக் கீழே இப்படித்தான் போடுவார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "நான் ஒரு நாய்." (இதையும் அடித்துவிட்டேன். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சுயசரிதை என்று எடுத்துக்கொள்வார்கள்.)

2

எங்கள் வீட்டு நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோருடைய வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் நான் வைத்த பெயர். அது குரைத்து உயிரை எடுக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர்* மூன்று முறை புகார் கொடுத்துவிட்டார். அதனால் என் மருமகன் ஒரு பரீட்சை வைத்தார்.

"மாமா, உணர்ச்சிவசப்படாம பேசுவோம். மூணு நாள் போறோம். காரணமில்லாம மூணு தடவை குரைச்சா, திரும்பி வர்ற வழியில என் ஆபீஸ்காரரோட ஐஸ் கிடங்குல இவனை விட்டுட்டு வந்துடுவோம். அவருக்குக் காவலுக்கு நாய் வேணுமாம்."

"காரணம் இருக்கா இல்லையான்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான். இதுல என்ன சந்தேகம்?"

மருமகன் சர்வேயர். நிலத்தை அளந்து அளந்து, அளக்க முடியாதது உலகத்தில் இல்லை என்று நம்பும் மனிதர். ஒவ்வொரு குரைப்பும் நேரம், இடம், காரணத்தோடு, அவர் நிலம் அளக்கும்போது குறிப்பு எழுதும் களப் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு வருடத்தில் அவர் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. கல்யாண ஆல்பத்தைக் காட்டாத விருந்தாளிகளுக்குக்கூட இந்தப் புத்தகத்தைக் காட்டுவார்.

* கீழ்வீட்டுக்காரர் டிரம்பெட் ஊதுபவர். அதைப் பற்றி நாங்கள் புகார் சொன்னதில்லை. சொன்னாலும் அவர் காதில் விழாது.

3

மேனேஜருக்கு இந்தப் பயணம் விளங்கவே இல்லை. வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் விலகி இருக்க வேண்டும் என்றார்கள். பிறகு கட்டில், அடுப்பு, நாற்காலி, தலையணை என்று வீட்டையே காரில் ஏற்றினார்கள். பின்சீட்டில் மடக்கு நாற்காலிகளுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் அதற்குக் கிடைத்தது ஒரு சாண் இடம். வால் ஆட்டுவதற்கு ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. (மிகைப்படுத்துகிறேன். பாதி சாண் இடம்தான்.)

முதல் குரைப்பு: முன்னே போன லாரியிலிருந்து ஒரு மெத்தை கழன்று காரை நோக்கிப் பறந்து வந்தபோது. மருமகன் வண்டியை ஒடித்துத் தப்பித்தார். பிறகு ஓரமாக நிறுத்தி எழுதினார். காரணம்: இல்லை.

"என்னங்க, மெத்தை வந்துச்சே?"

"மெத்தையை நானும் பார்த்தேன். நான் குரைச்சேனா?"

இரண்டாவது குரைப்பு: கடலில் இறங்குவதற்காக மருமகன் முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் காலில் துடுப்புமாக வந்து நின்றபோது. என்னிடம் கேட்டால், குரைக்காமல் இருந்திருந்தால்தான் நாயை மாற்ற வேண்டும். காரணம்: இல்லை.

மிச்சம் ஒன்று.

3 (மறுபடியும்)

மூன்றாம் நாளான இன்று காலை, கடலுக்குக் கிட்டே இருக்கட்டும் என்று கூடாரத்தை இடம் மாற்றி அடித்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். மருமகன் தண்ணீரின் ஓரத்திலிருந்து டேப் பிடித்து அளந்தார். இருபத்திரண்டு மீட்டர். நான்கு மூலைக்கும் கொடி நட்டார். செங்கோணம் சரிபார்த்தார். அப்படி அச்சுப் பிசகாத கூடாரம் கடலோர வரலாற்றிலேயே கிடையாது. அவர் அளந்தது கடல் உள்வாங்கியிருந்த நேரம் என்பது ஒன்றுதான் குறை.

நிலம் காலையில் இருந்த இடத்திலேயே மாலையிலும் இருக்கும். அவருடைய தொழிலே அந்த நம்பிக்கையில் ஓடுகிறது. மேனேஜருக்கு அப்படி ஒரு தொழில் இல்லை. அது மோந்து பார்த்தது. மணல் மேலே காய்ந்திருந்தது, அடியில் உப்பு ஈரம். காய்ந்த கடற்பாசி ஒரு கோடாக ஒதுங்கிக் கிடந்தது, கூடாரத்துக்குப் பின்னால். கடல் இதுவரை வருகிறது என்று அதன் மூக்கு கூட்டிக் கழித்துச் சொல்லிவிட்டது.

"என்னங்க, தண்ணி கிட்ட இருக்கற மாதிரி இருக்கே?"

"இருபத்திரண்டு மீட்டர்மா. டேப் பொய் சொல்லாது."

4

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் தூங்கினார்கள். கடல் தூங்கவில்லை.

மேனேஜர் வாசலில் உட்கார்ந்து பார்த்தது. பதினைந்து மீட்டர். ஒன்பது. குரைத்தால் வீடு போய்விடும் என்று அதற்குத் தெரியுமா? (தெரியாது என்கிறது அறிவு. மூன்று நாளாகக் குரைக்கும்போதெல்லாம் அந்த மனிதர் பென்சிலை எடுத்தார், வீட்டம்மா முகம் வாடினாள் என்பது தெரிந்திருக்கும். அது போதும்.) குரைக்காமல் எழுப்பிப் பார்த்தது. போர்வையை இழுத்தது. மருமகனின் உள்ளங்காலை நக்கியது. வெளியே போய், அலையில் மிதந்த அவருடைய செருப்பைக் கவ்வி வந்து சொட்டச் சொட்ட மார்பில் வைத்தது.

"ச்சீ, போடா அந்தப் பக்கம்!" திரும்பிப் படுத்தார்.

இந்த இடத்தில் "மேனேஜர் தன் நலம் கருதாது வீர முழக்கம்..." என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். நடந்தது சின்ன விஷயம். நான்கு மீட்டரில் தண்ணீர் வந்தபோது அது ஒரே ஒரு தடவை குரைத்தது.

மருமகன் கைக்கடிகாரத்துக்கு மட்டும் அரைக்கண் திறந்து மூடி, புத்தகத்தைத் துழாவி எடுத்து எழுதினார். மணி 2.40. கூடாரம். காரணம்: இல்லை. எழுதிவிட்டுத் தூங்கினார். 2.50க்குக் காதுக்குள் கடல் வந்தது.

5

இப்போது அவர்கள் ஐஸ் கிடங்குக்குப் பிரியும் முச்சந்தியில் ஒரு கடை வாசலில் நிற்கிறார்கள். மகள் அங்கிருந்துதான் பேசினாள். புத்தகம் காரின் பானெட் மேல் காய்கிறது. நனைந்தாலும் எழுத்து அழியாத தாள். அந்தப் புத்தகத்தை வைத்து நடந்த பேச்சு இது.

"காரணத்தோடதானே குரைச்சான்? கோடு போடுங்க."

"குரைச்சப்ப காரணம் என் கண்ணுக்குத் தெரியலையே."

"உங்க கண்ணு மூடி இருந்துச்சு!"

"சரி, காரணம்னு என்ன எழுதறது?"

"கடலுக்குள்ள கூடாரம் அடிச்சதாலன்னு எழுதுங்க. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அப்போதிலிருந்து மருமகன் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறார் என்றாள் மகள். "அரை மணி நேரமா சீவறாருப்பா." அதோடு அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

6

கையிருப்பில் உள்ள முடிவுகள்:

அவர் கோடு போடுகிறார். பதினாறு வருடத்தில் முதல் கோடு, பழக்கமில்லாததால் அது நேராகக்கூட வரவில்லை. (எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மகள் அவருடைய கையெழுத்தைப் போட்டுவிடுகிறாள். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை. (நம்பலாம்.)

ஐஸ் கிடங்கு வாசலில் சங்கிலி. அங்கே ஒவ்வொரு குரைப்புக்கும் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள். ஏன் என்று விளங்காமல் மேனேஜர் ரோட்டையே... (இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

7

கார் வந்துவிட்டது. முன்பக்கக் கதவுகள் இரண்டும் சாத்தும் சத்தம் கேட்டது. வழக்கமாக இந்நேரம் மேனேஜர் தெருமுனையிலிருந்தே குரைத்துக்கொண்டு வந்திருக்கும். இன்று சத்தமே இல்லை. காரில் அது இல்லாமல் இருக்கலாம். அல்லது மருமகன் பக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று மூன்று நாளில் படித்துக்கொண்டு, பின்சீட்டில் நாற்காலிகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நான் எழுந்திருக்கப் போவதில்லை. இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், நீங்களே போய் அந்தப் பின்கதவைத் திறந்து பாருங்கள்.