கோமாவில் கிடந்தவள் தண்ணீர் கேட்ட கதை

நான் சாக வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தச் சாவுக்காகத் தயாரிப்பாளர் ஹர்லன் பிரிக்ஸிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்தேன். மத்தியான நேரத்தில், நாடெங்கும் பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டே பார்க்கிற தொலைக்காட்சித் தொடர் அது. சலவைத்தூள் கம்பெனி பணத்தைக் கொட்டியது, நாங்கள் கண்ணீரைக் கொட்டினோம். ஆறு வருடமாக நான்தான் அதில் கிளாடியா. இரண்டு புருஷனைப் பறிகொடுத்து, நடுவில் ஜெயிலுக்கும் போய் வந்து, கடைசியில் கார் விபத்தில் நினைவு தப்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

சாவதற்கு என்ன அவசரம் என்றால், பிராட்வே அரங்கில் எனக்கு ஒரு மேடை நாடகம் கிடைத்திருந்தது. மூன்று அங்கமும் மேடையை விட்டு இறங்காத நாயகி வேடம்! அதுவரை மேடையில் எனக்கு வாய்த்ததெல்லாம் காபித் தட்டை வைத்துவிட்டுப் போகும் வேலைக்காரி, இல்லாவிட்டால் இரண்டாம் அங்கத்தில் ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போகும் அத்தை. திங்கட்கிழமை ஒத்திகை ஆரம்பம், அப்புறம் பாஸ்டனில் முன்னோட்டக் காட்சிகள். ஆனால் கிளாடியா உயிரோடு இருக்கும்வரை நான் எங்கேயும் நகரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தது. கிளாடியா செத்தால்தான் எனக்கு நாடகம்.

என் தங்கை ரூத்தாக நடித்தவள் தெல்மா ஓக்லி. தங்கமான பெண், ஆனால் வசனம் மட்டும் அவள் மண்டையில் நிற்காது. எங்களுடையது நேரடி ஒளிபரப்பு. மறந்தால் மறந்ததுதான், நாடே பார்க்கும். ஒரு கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளை பெயரை மறந்துவிட்டு, "இந்த... இந்த நல்ல மனுஷரை" என்று சொல்லி மோதிரம் மாட்டியவள் அவள். இன்னொரு தடவை முழித்தால் ரூத்தை வெளியூருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஹர்லன் எச்சரித்திருந்தார். வெளியூர் போன பாத்திரம் எங்கள் தொடரில் திரும்பி வந்ததே கிடையாது. எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு சட்டம்: கூட நடிக்கிறவள் வசனத்தை மறந்தால் எப்பாடுபட்டாவது தூக்கி நிறுத்து. கதையெல்லாம் அப்புறம்.

ஒப்பனை அறையில் தெல்மா என்னை வம்புக்கு இழுத்தாள்.

"ஏண்டி வினி, சாகப்போறவளுக்கு எதுக்கு உதட்டுச் சாயம்?"

"பொணமானாலும் லட்சணமா இருக்கணும்டி. நீ வசனத்தைப் படிச்சியா?"

"படிச்சேன், படிச்சேன். உன்னை வழியனுப்பி ஒரு பக்கம் அழணும். அப்புறம் டாக்டர் வந்து நாடி பார்த்துத் துணியைப் போத்துவாரு."

"நடுவுல முழிச்சுக்கிட்டு நிக்காதே, தாயே. இன்னிக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான் பாதிப் பொணம்."

"போடி, ரொம்பத்தான்."

காட்சி தொடங்கியது. நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தெல்மா என் கையைப் பிடித்தாள். "கிளாடியா, நீ இல்லாம இந்த வீடு..." என்றாள். நின்றுவிட்டாள்.

'வெறிச்சோடிப் போயிடும்' என்பதுதான் மிச்சம். வரவில்லை. உதட்டை அசைக்காமல் "வெறிச்சோடி" என்று முனகினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. ஸ்டுடியோவில் ஒருவர்கூட இருமவில்லை. பாழாய்ப் போனவளே, இன்றைக்கா உனக்கு மறக்க வேண்டும்! சும்மா கிடந்தால் எனக்குப் பாஸ்டன். ஆனால் இவள் இன்றோடு தொலைந்தாள். பாஸ்டனை நினைத்தேன், சும்மா கிடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"வெறிச்சோடியெல்லாம் போகாது, ரூத்," என்றேன். "கொஞ்சம் தண்ணி குடு."

கண்ணைத் திறந்தேன். தெல்மா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் ஈரம். டாக்டராக நடித்த கிழவர் ஆர்வில், போர்த்தும் துணியோடு உள்ளே வந்து திகைத்து நின்றார். பிறகு, "மருத்துவ உலகமே இதை நம்பாது!" என்று ஒரு போடு போட்டுவிட்டு, துணியை நிதானமாக மடிக்க ஆரம்பித்தார்.

ஒளிபரப்பு முடிந்ததும் ஹர்லன் ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"டெலிபோன் ஓயவே இல்ல, வினி! கம்பெனிக்காரங்க சந்தோஷத்துல குதிக்கிறாங்க. இனிமே உனக்குச் சாவே கிடையாது!"

"விட்டுடறேன்னு வாக்கு குடுத்தீங்களே, ஹர்லன்."

"வாக்கு குடுத்தது கோமாவுல இருந்தவளுக்கு. எழுந்து தண்ணி கேட்டது யாரு?"

சாயங்காலத்துக்குள் நாடகக்காரர்கள் என் வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அப்போதுதான் தெல்மா கதவை அறைந்து திறந்துகொண்டு வந்தாள்.

"உனக்கு என்னடி கேடு? ஏன் வாயைத் தொறந்தே?"

"நன்றி கெட்டவளே! வசனத்தை மறந்துட்டு மரமாட்டம் நின்னது யாரு?"

"யாரு மறந்தா? ஒரு எழுத்து மறக்கல. நெட்டுருப் போட்டு வச்சிருந்தேன். நீ திங்கக்கிழமையிலேருந்து இருக்க மாட்டேன்னு நெனச்சேன், தொண்டை அடைச்சுக்கிச்சு. சரி, பெரிய நடிகைங்க நிறுத்துற மாதிரி நிறுத்தித்தான் சொல்லுவோமேன்னு நின்னேன். கேமராக்காரன் கண்ணைத் துடைக்கிறான்டி! வாழ்க்கையில மொத மொதல்ல நான் நடிக்கிறேன், நீ தண்ணி கேக்குறே!"

ஸ்டுடியோவில் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நாடே பார்த்திருக்கிறது. கண்ணை மூடிக் கிடந்த நான் ஒருத்திதான் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும்.

"எனக்குப் பாஸ்டன் போச்சுடி," என்றேன்.

தெல்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ... எனக்காகவா எழுந்தே?"

"பின்னே, தாகத்துக்கா?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. இந்தத் தடவை குறுக்கே பேசாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தேன். பாவி, நன்றாகத்தான் அழுதாள்.