கூப்பிட்டேன், கேட்கவில்லை

விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று மூன்றாவது முறையாக ஃபோன் வந்தபோது சூப்பர்வைசர் கூட்டத்தின் நடுவே எழுந்துவிட்டார். கல்லூரி வளாகத்தின் பராமரிப்புக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் எல்லாம். குழாய் ஒழுகினாலும் அவர், கூரை ஒழுகினாலும் அவர். வெயிலில் மூச்சிரைக்க நடந்து வந்து, மோட்டார் அறையை ஒட்டிய சுவிட்ச் அறைக்குள் நுழைந்தார். வழக்கம்போல, "மோட்டார் போடறேன்!" என்று சுவரைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். சுவிட்சை மேலே தள்ளினார். மோட்டார் உறுமியது. பிறகு எதையோ விழுங்கியதுபோல் ஒரு நொடி திணறியது. அந்தத் திணறலில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. காலை ஒன்பது மணிக்கு இதே கையால் சுவிட்சை அணைத்துவிட்டு, பெல்ட் மாற்றச் சொல்லி சிக்னலை உள்ளே அனுப்பியது அவர்தான்.

சிக்னல் என்பது மோட்டார் வேலை பார்க்கிறவனுக்கு ஆட்கள் வைத்த பெயர். பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கையில்தான். நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கும் இடத்தில் அவன் கையை ஆட்டத் தொடங்கினால், "வண்டியெல்லாம் ஓரம் கட்டுங்கப்பா, சிக்னல் போட்டாச்சு" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் வாயையே பார்த்துவிட்டு அவனும் சிரிப்பான். இரண்டு வருடத்துக்கு முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கும் வளாகத்தில் வேலை கொடுப்பது என்று முடிவானபோது, மோட்டார் வேலைக்குக் காது கேட்காத ஆளா என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். "காது கேக்காட்டி என்ன? மோட்டார்மேல கைய வச்சே அதுக்கு என்ன கோளாறுன்னு சொல்லிடுறான். எனக்கு அவன் வேணும்" என்று கூட்டத்தில் அடித்துப் பேசி அவனை வாங்கிக்கொண்டவர் சூப்பர்வைசர். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தார்.

அவனுக்காக மோட்டார் அறையில் ஒரு சிவப்பு விளக்கு மாட்ட வேண்டும் என்று பேச்சு. சுவிட்ச் போடுவதற்கு முன்னால் விளக்கு எரியும், அவன் விலகிக்கொள்வான். விளக்கை வாங்கியும் ஆயிற்று. ஆறு மாதமாக அது அட்டைப்பெட்டியோடு அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்றைக்குக் குழாய், நாளைக்குக் கூரை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. மூன்று முறை அவன் காகிதத்தில் விளக்கு வரைந்து கொண்டுவந்து காட்டினான். அவன் பாஷையில் அவருக்குத் தெரிந்தது ஏழெட்டுச் சொல். தண்ணீர், சாப்பாடு, நில், நல்லது, நாளை. மூன்று முறையும் அவர் 'நாளை' என்று கை காட்டினார். அதை மட்டும் அவர் பிசகில்லாமல் செய்வார்.

அன்று அவன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

நான்காம் நாள் நிர்வாக அதிகாரி சூப்பர்வைசரைக் கூப்பிட்டனுப்பினார். வயதில் இளையவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"அறிக்கை ஒண்ணு வேணும்ணே. பெருசால்லாம் வேணாம். கூப்பிட்டேன், அவருக்குக் கேக்கலன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

"விளக்கு மாட்டாம விட்டது நான்தானே?"

"அத எதுக்கு இப்பக் கிளறணும்? உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம்தான் இருக்கு. கூப்பிட்டீங்களா இல்லையா?"

"கூப்பிட்டேன்."

"அவருக்குக் கேட்டுச்சா?"

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அந்த வரியில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவரை அடித்தது. பொய்யாக இருந்தால் கை நடுங்கியிருக்கும், தப்பித்திருக்கலாம். கை நடுங்கவே இல்லை. முத்துமுத்தான தன் கையெழுத்தைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நினைக்காமல் இருக்கப் பார்த்தார். பத்தே நாளில், பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, அந்த மாற்றுத்திறனாளி ஏற்பாட்டில் சேர்ந்திருந்த மற்ற மூன்று பேரையும் நிறுத்திவிட்டார்கள். கடிதங்களைக் கொடுக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. கிடங்கில் துடைப்பமும் பினாயிலும் எடுத்துக் கொடுக்கும் குள்ளமான அம்மா கடிதத்தைப் படிக்காமலே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வகுப்பறை துடைக்கிற, பார்வை மங்கலான ஆள் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தார். கடைசி ஆள் தோட்டக்காரர். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, செடிகளுக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கால்தானே சார் இல்ல? காது நல்லாத்தானே கேக்குது?"

சூப்பர்வைசர் கடிதத்தை நீட்டியபடியே நின்றார். தோட்டக்காரர் அந்தப் பாத்தி முழுதும் நனையும்வரை குழாயைப் பிடித்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சிக்னலின் வீட்டுக்குப் போனார். வாடகைக்கு ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதில் அவன் மனைவி. அவளுக்குக் காது கேட்கும், பேசுவாள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவன், இவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல் இருக்க, அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் அதையே பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கான்?"

"காயம் ஆறுதுங்க." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "அவரு என்ன சொல்றாருன்னுதான் எனக்கே இப்பப் பாதி புரியல. விரல் இருந்தாத்தானே வார்த்தை வரும்? தண்ணி கேட்டா வேற என்னவோ மாதிரி இருக்கு. ரெண்டு பேருக்குமே கோவம் வந்துடுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீதான் சொல்லணும்."

"முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. உதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவாரு."

தலையை நிமிர்த்தினார். அவன் கண்கள் அவருடைய வாயில் நிலைத்திருந்தன. இத்தனை கவனமாக யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. விளக்கைச் சொன்னார், மறந்துபோனதைச் சொன்னார், எழுதிக் கொடுத்த வரியைச் சொன்னார். குரல் எங்கெங்கோ உடைந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்காது. வாய் நின்ற பிறகும் அவன் கண்ணை எடுக்கவில்லை. மெஷின் எப்போது நின்றதென்று அவர் கவனிக்கவில்லை.

பிறகு அவன் கட்டுப்போட்ட கையை உயர்த்தி, மிச்சமிருந்த இரண்டு விரல்களால் மெதுவாக ஏதோ சொன்னான். அவருக்குத் தெரிந்த ஏழெட்டில் அது இல்லை. மறுபடி சொன்னான்.

"என்னம்மா சொல்றான்?"

அவள் கணவனின் கையைப் பார்த்தாள். இந்த முறை அவளுக்குப் புரிந்திருந்தது, அவள் முகத்திலேயே தெரிந்தது. ஊசியின் கீழே துணியை நகர்த்தி வைத்துவிட்டு, மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். கட்டிலில் அந்தக் கை இன்னும் காற்றில் நின்று, மூன்றாவது முறையாக, பொறுமையாக, அதையே சொல்லிக்கொண்டிருந்தது.