பத்து வருடத் தூரம்

ஸ்டர்லிங் முனைக்கு நேர் கிழக்கே, கடலும் வானமும் சேரும் இடத்தில், எதிரியின் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பல வருடங்களாக அவை நகரவில்லை. தலைநகர் ஒட்டாவாவில் பாதுகாப்புத் திட்டக் குழு வசந்தந்தோறும் ‘அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் போர் வராது’ என்று ஒரு வாக்கியம் எழுதும். அது இருக்கும்வரை கப்பல்களும் பத்து வருடத் தூரத்திலேயே நிற்கும். நாட்டுக்குப் புதுக் கப்பல் வாங்கும் செலவு இல்லை; பழையவற்றுக்குச் சாயம் அடித்தால் போதும். முனையில் சிங்கிறால் பிடிப்பவர்கள் எதிரிக் கப்பல்களை வைத்துத் திசை பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாக்கியத்தை எழுதும் வேலை மோராக் கில்லிஸுக்கு வந்தது. முனையில் பிறந்தவள், தம்பி ரோரி இன்னும் அங்கேதான் சிங்கிறாலுக்குப் பொறி போடுகிறான். ஈஸ்டருக்குப் போனபோது அவனுடைய தொலைநோக்கியில் பார்த்தாள். எதிரிகள் புறப்படத் தயாராவதுபோல, கப்பல்களின் பக்கவாட்டில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து ‘ஒன்பது’ என்று எழுதினாள். உண்மையைச் சொன்னால் கப்பல் வாங்கப் பணம் வரும் என்று நம்பினாள்.

நிதித்துறையின் விட்ஃபோர்ட் படித்துவிட்டுச் சிரித்தார். “ஒன்பது வருஷம் இருக்குல்ல மோராக், என்ன அவசரம்? போன வருஷம் அடிச்ச சாயமே இன்னும் காயல.”

பணம் வரவில்லை. கப்பல்கள் மட்டும் ஒரு வருடத் தூரம் முன்னால் வந்தன.

ரோரி போன் செய்தான். “அக்கா, அவனுங்க துணி காயப்போடறது இப்ப வெறுங்கண்ணுக்கே தெரியுது. நீ அங்க உக்காந்து ஒரு வார்த்தைய மாத்துற, இங்க என் பொறியெல்லாம் அவன் நங்கூரத்துல மாட்டுது.”

“பொய் எழுதச் சொல்றியாடா?”

“நீ பெரிய உத்தமி. அப்ப நாங்க மூட்டைய கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துரட்டுமா?”

போனில் அலைச் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து, தெரியாத மொழியில் பல ஆண்கள் பாடுவதும்.

அடுத்த வசந்தத்தில் ‘எட்டு’ என்று எழுத வேண்டியவள் ‘பத்து’ என்று எழுதினாள். கப்பல்கள் நின்றுவிட்டன. ஆனால் பின்வாங்கவில்லை, வந்த தூரம் வந்ததுதான். அதற்குப் பிறகு வருடந்தோறும் பத்துதான். முனையில் பழகிவிட்டது. எதிரிகளுக்கு மழை முன்கூட்டியே தெரியும் என்று கண்டுகொண்ட ரோரியின் மனைவி ஊனா, அவர்கள் துணி போட்டால் தானும் போட்டாள், எடுத்தால் எடுத்தாள்.

ஒரு ஜூன் மாதக் காலையில், வானத்தில் மேகமே இல்லை. கப்பல்களில் துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊனா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரம் சொட்டச் சொட்டத் தன் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.