ஃப்ரீசரில் ஒரு ராத்திரி

ஊசி ஏற்றும் அறையில் அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கையில் நரம்பு கண்டுபிடித்துப் பிளாஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. மருந்து மட்டும்தான் வரவில்லை. அதே மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் தங்கை வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து அலுத்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்தகம் பூட்டியிருந்ததால், மருந்துக் கம்பெனிக்காரர் குப்பியை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொண்டுவர வேண்டியவர் அத்தான். வந்தார், முகமெல்லாம் பெருமை. இருபது வருஷமாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். குளிர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு.

"பாரும்மா, கொஞ்சம்கூடக் கெடலை. ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல வச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு. வர்ற வழியிலதான் இளகிச்சு."

தங்கை வெடுக்கென்று அவர் கையிலிருந்து வாங்கினாள். குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். எப்போதும்போலச் சிவப்பாகத்தான் இருந்தது. இவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஏற்றக் கொடுத்தே இருப்பாள்.

"ஃப்ரீசர்லயா! அத்தான், உங்களை என்னதான் பண்றது? கண்ணுக்கே தெரியாத கொழுப்புக் குமிழிக்குள்ள மருந்தை அடைச்சு வச்சிருக்காங்க. அது கட்டியில போய்த் தங்கி மெல்ல மெல்லக் கசியணும். உறைஞ்சா குமிழி உடைஞ்சுடும். மருந்து மொத்தமா ரத்தத்துல கலந்து அக்காவோட இதயத்தைத் தாக்கும். அது ஏற்கெனவே அரைகுறையாத்தான் ஓடுது. அதனாலதானே இந்த மருந்தையே எழுதினாங்க!"

குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தாள். அடுத்தது வர ஒன்பது நாள் ஆகுமாம். கெஞ்சினாள், கத்தினாள். ஒன்பது நாள்தான்.

"சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே!" என்று மறுபடி அத்தான்மேல் பாய்ந்தாள்.

"என்ன சொன்னே?" என்றாள் அக்கா. "நானும் பக்கத்துலதான் இருந்தேன். 'நல்லா குளிர்ல வைங்க அத்தான்'னு சொன்னே. சொல்லிட்டு போனை வச்சுட்டே."

தங்கை யோசித்துப் பார்த்தாள். சினிமாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் பேசியது. உறைய விடக்கூடாது என்று சொன்னதாக எவ்வளவு துழாவியும் நினைவில்லை. முகம் சூடேறியது.

"பெட்டியிலேயே எழுதியிருக்குமே," என்றாள் விடாமல்.

"நீ சொன்னதுக்கு மேல பெட்டி என்ன சொல்லப்போகுதுன்னு படிக்கலைம்மா," என்றார் அத்தான். பெருமையெல்லாம் போய் முகம் சின்னதாகியிருந்தது. அக்காவின் கையிலிருந்த பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இந்த ஒன்பது நாள்ல கட்டி வளந்துடுமா?"

இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள். வளராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தான் அப்படியே எடுத்துக்கொள்வார். அதை நினைக்க நினைக்க அவர்மேல்தான் எரிச்சல் வந்தது.

"தெரியலை அத்தான்," என்றாள்.

அத்தான் அதையும் நம்பினார்.