நாற்பத்தெட்டு நண்பர்கள்

1

என் பெயர் புதுசு. வயது இருபத்தாறு. இப்போது இருப்பது ஒரு ஓட்டலின் அடித்தளத்தில், துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறையில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல்.

(புதுசு என்பது அம்மா வைத்த பெயர் இல்லை. நான் பாடுகிற இசைக்குழுவில் வைத்தது. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சேர்ந்த அன்று வாங்கிய செருப்புகூடப் பழசாகித் தூக்கிப் போட்டாயிற்று.)

இந்தக் கதை பிறந்தது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியானது. ஆறு மாதமாக உங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஒன்பது பாட்டு, ஒன்பதிலும் முன்னால் நின்று பாடுவது நான்தான். மைக்கோடு போட்டோவும் அனுப்பியிருந்தேன். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். அதன்பிறகு அத்தானின் குரல் செய்தி வந்தது.

"மச்சான், ஒன்பதும் கேட்டாச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நீ எங்க? உன் குரல் எனக்குத் தெரியாதா?"

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. சித்தப்பா ஒன்றும் எழுதவில்லை. ஒரு காது படம் போட்டார், பக்கத்தில் ஒரு பூ படம் போட்டார். அம்மா ஒரே வார்த்தை சொன்னாள்.

"சாப்பிட்டியா?"

அத்தானை மன்னித்துவிடலாம். சித்தப்பாவையும், கொஞ்ச நாள் கழித்து. ஆனால் அந்தச் சாப்பிட்டியா இருக்கிறதே. அம்மா என்னை நம்பியிருந்தால் அத்தானோடு சண்டைக்குப் போயிருப்பாள். நம்பவில்லை. பிள்ளை வெளியூரில் தனியாகக் கிடந்து ஏதோ உளறுகிறான், பசியாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்தக் கதை. என் அம்மா என்னை நம்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. இதை நான் எழுதவில்லை, சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. அதற்கு ஒரு குணம் உண்டு: கத்தினால் எழுதாது. குரல் உயர்ந்தால் மூன்று புள்ளி மட்டும் போட்டுவிட்டு நிற்கும். ஆகவே இது முழுக்க மெல்லிய குரலில் சொன்ன கோபம். படிக்கிறவர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மேடையில் புகை எழுந்தது. பத்தாயிரம் பேர் ஒரே குரலில்"

(பொய். அதிகமாக வந்த கூட்டம் இருநூற்றுப் பத்துப் பேர். அதில் பாதிப் பேர் டிரம்ஸ் வாசிப்பவரின் சொந்தக்காரர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "துரோகம் என்பது"

(இப்படி ஆரம்பிக்கிற எதையும் அத்தான் மூன்றாவது வார்த்தையில் மூடிவிடுவார்.)

மூன்றாவது: "சலவை இயந்திரம் துணியைப் பிழியத் தொடங்கும்போது முதலில் முனகும், பிறகு ஊளையிடும், கடைசியில் விசிலாகிவிடும்." இது உண்மை, இதிலிருந்தே போகலாம். ஆனால் "நான்" என்று சொல்லும்போதெல்லாம் குரல் ஏறிக்கொள்கிறது, போன் புள்ளி வைக்கிறது. இனி "அவன்" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

அவன் அந்த இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பாடுவான். பத்து மணி நேரம் அதன் பக்கத்தில் நிற்பவன் வேறென்ன செய்வான்? அது விசிலடிக்கும் உச்சத்துக்கு அவனும் ஏறி, அது இறங்கும்வரை அங்கேயே நிற்பான். ஒருநாள் விரிப்புகளை ஏற்ற வந்த வேன் டிரைவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர்தான் ஒரு பவர் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். குழுவின் பழைய பாடகர் முதல் ஆல்பம் முடிந்ததும் சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பவர் மெட்டல் என்றால் என்னவென்று அவன் அக்காவுக்கு விளக்கியது இப்படி: ஒரு ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி, வாளை உருவிக்கொண்டு டிராகனோடு சண்டைக்குப் போகிறது, அதன் கூரையில் ஒருத்தன் நின்று உச்சக் குரலில் பாடுகிறான். முதல் ஆல்பத்தை அக்கா அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாராவது அந்த ஆளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா என்றாளாம்.

3

ஒலிப்பதிவு நடந்தது ஒரு கம்பளக் கிடங்கில். சுருட்டி நிறுத்திய கம்பளங்கள் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால், கிடங்குக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில். ஒலிக்கலவை செய்யும் பெண் ஒருவர் கம்பளங்களுக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் மிக்ஸிங் அக்கா.

இந்த வகைப் பாட்டில் பல்லவி வரும்போது ஒரு படையே பாட வேண்டும். படைக்கு ஆள் கிடையாது. எனவே ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், விரிப்பு அடுக்குவதுபோல. அவன் தனியாக முன்னால் ஒலிக்கிற முன்குரலைப் பாடி முடித்துவிட்டு, ஒவ்வொரு பல்லவியையும் நாற்பத்தெட்டு முறை பாடினான். தடித்த குரலில், மெல்லிய குரலில், கிழவன்போல, மைக்கை விட்டு நாலடி தள்ளி நின்று, சுவரைப் பார்த்து. ஒன்பது பாட்டுக்கும்.

மூன்றாவது பாட்டில் மிக்ஸிங் அக்கா நிறுத்திவிட்டார்.

"தம்பி, நீ மூச்சு இழுக்குறப்போ ஒரு விசில் வருதே, அது என்ன?"

எட்டு வயதில் இரும்புக் கேட்டில் மோதி மூக்கெலும்பு விலகியது. அன்றிலிருந்து ஆழமாக மூச்சிழுத்தால் உள்ளே ஒரு சின்ன விசில்.* நாற்பத்தெட்டுப் பேரும் விசிலடித்தால் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் என்று சொல்லி, மிக்ஸிங் அக்கா நாற்பத்தேழு மூச்சை வெட்டினார். ஒன்றை விட்டுவைத்தார். அது அவர்கள் வேலையின் வழக்கம். கூட்டம் பாடுவதற்கு முன் ஒரு மூச்சாவது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பிணங்கள் எழுந்து பாடுவதுபோல் இருக்குமாம்.

(* போனை எடுத்து நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அம்மா "சளி புடிச்சிருக்கா" என்பாள். அது இந்த விசிலை வைத்துத்தான்.)

4

இனிதான் கோபம். மெல்லச் சொல்கிறேன்.

ஆல்பத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பாட்டை இணையத்தில் போட்டார்கள். கீழே ஆட்கள் எழுதினார்கள்: பழைய குரல் எங்கே? புது ஆள் வேண்டாம். குழுவின் தலைவர், கிதார் வாசிப்பவர், பிழைப்புக்கு டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. அவர் அந்த அறுபத்தோரு கருத்துகளையும் படித்திருக்கிறார். படித்துவிட்டுப் பழையவரைச் சத்தமில்லாமல் கூப்பிட்டிருக்கிறார். அவன் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த வியாழக்கிழமை இரவுகளில், கிடங்கு மூடியபிறகு, பழையவர் வந்து ஒன்பது பாட்டின் முன்குரலையும் பாடிவிட்டுப் போயிருக்கிறார். எதைக் கேட்டுப் பாடம் செய்தாராம்? அவன் பாடி வைத்ததைக் கேட்டு. அவன் எங்கே குழைத்தானோ அங்கே குழைத்து, எங்கே நிறுத்தினானோ அங்கே நிறுத்தி. பிறகு இணையத்தில் போட்டதை எடுத்துவிட்டு, அவனுடைய முன்குரலை அழித்துவிட்டார்கள். அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவனிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அத்தானின் செய்தி வந்தபிறகுதான் அவனே முழு ஆல்பத்தையும் கேட்டான். ஆல்பத்தின் உறைக்குள் பாடியவர்கள், வாசித்தவர்கள் பெயர்கள் இருந்தன. குரல் என்ற இடத்தில் பழையவர். அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: "கோரஸ்: நண்பர்கள்."

நண்பர்களாம்... நாற்பத்தெட்டு நண்ப...

(இங்கே போன் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

மறுநாள் மேஸ்திரி வேலை செய்யும் வீட்டுக்குப் போனான். குளியலறையில் முட்டி போட்டு உட்கார்ந்து டைல் ஒட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே, ஆல்பம் விற்றால்தான் குழு இருக்கும், குழு இருந்தால்தான் நீயும் இருப்பாய் என்று பொறுமையாகச் சொன்னார். நாளைக்கே உன்னைக் கழற்றிவிடவா போகிறோம் என்றார்.

"இங்க பாரு தம்பி. வர்றவன் டைலத்தான் பாப்பான். ஆனா அடியில சிமெண்ட் இல்லாம டைல் நிக்குமா? நீ சிமெண்ட்டுடா."

"சிமெண்ட் மூட்டையில கூடப் பேரு போட்டிருக்கே அண்ணே."

மேஸ்திரி ஒரு டைலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நேராக உட்காரவில்லை. பிறகு இன்னொரு சங்கதி சொன்னார். வரும் சனிக்கிழமை ஆல்பத்துக்கு மேடை நிகழ்ச்சி. பழையவர் தொண்டை முன்புபோல் இல்லை, வரி வரியாகப் பாடவைத்து ஒட்டியதுதான், ஒரு பாட்டை முழுதாக நின்று பாட முடியாது. அதனால் மேடையில் அவன்தான் பாட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு. ஆல்பத்துல அவர் பாடுன மாதிரியே பாடிடு."

யோசித்துப் பாருங்கள். அவனைப் பார்த்து அவர் பாடினார். இப்போது அவரைப் பார்த்து அவன் பாட வேண்டும். வீட்டுக்காரனே தன் வீட்டுக்கு வாடகைக்கு வந்தமாதிரி, அதுவும் வெள்ளையடித்துக் கொடுத்து.

5

முதல் வரைவில் மேஸ்திரிக்கு ஒரு தங்கப்பல் வைத்திருந்தேன், சிரித்தால் மின்னுகிறமாதிரி. அவருக்குத் தங்கப்பல் கிடையாது. போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்து மாடி ஏறி மாத்திரையும் பிளாஸ்க்கில் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். அந்தக் காட்சியை வெட்டிவிட்டேன், கோபம் கரைந்துவிடுமே என்று. இப்போது திருப்பிச் சேர்க்கிறேன். சேர்த்தும் கரையவில்லை. வெந்நீர் கொடுத்தவர் பெயரையும் கொடுத்திருக்கலாம். அதற்கு மாடி ஏறக்கூட வேண்டாம்.

பழையவரைப் பற்றி ஒரு பத்தி எழுதி அழித்தேன். அவரை நான் பார்த்ததே இல்லை.

அவனிடத்திலும் தப்பு உண்டு. ஆல்பம் கையில் வருவதற்கு முன்பே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். பானை அடுப்பில் இருக்கும்போதே பந்திக்கு ஆள் கூப்பிட்டான். சரி. ஆனால் சமைத்தது அவன்தானே?

6

முடிவுகள்.

அ) சனிக்கிழமை அவன் மேடையேறுகிறான். மூன்றாவது பாட்டுக்கு முன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தி, இந்த ஆல்பத்தில்

(மாட்டான். அவன் நாலு பேர் முன்னால் சத்தமாக அறிவித்த ஒரே விஷயம், சலவை அறையில் தள்ளுவண்டி நிறைந்ததும் சொல்கிற "அடுத்த வண்டி".)

ஆ) அவன் போகவில்லை. மைக் தனியாக நிற்கிறது. ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள். மேஸ்திரி தலைகுனிகிறார்.

(சொல்லும்போதே இனிக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. அவனை முதலில் கேட்டு நின்ற வேன் டிரைவரும் அந்த மேடையில்தான் இருப்பார்.)

இ) அவன் போய், தன் போக்கில் பாடுகிறான். கேட்டவர்கள் ஆல்பத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். மூன்றிலும் இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. எந்த முடிவை எழுதினாலும் அம்மா சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். எனவே முடிவு எழுத மாட்டேன்.

7

நேற்று இதே பக்கெட்டில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். இயர்போனை இரண்டு காதிலும் அழுத்திவைத்துக்கொண்டு, எங்காவது நான் இருக்கிறேனா என்று தேடினேன். மூன்றாவது பாட்டு. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. டிரம்ஸ் சட்டென்று நிற்கும். கிதாரும் நிற்கும். பழையவர் இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டார். அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு மூச்சு. அதில் விசில்.

மிக்ஸிங் அக்காவுக்குப் போன் போட்டேன். முன்குரலை மாற்றியவர்கள் அடுக்கைத் தொடவில்லை, அந்த மூச்சு அப்படியே இருந்துவிட்டது என்றார். மறந்து விட்டீர்களா, தெரிந்தே விட்டீர்களா என்று கேட்டேன். ஒண்ணாவது வேணும்ல தம்பி என்று சொல்லி வைத்துவிட்டார்.

படிக்கிறது அக்காவோ, அத்தானோ, சித்தப்பாவோ, யாராக இருந்தாலும் சரி. இந்தக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். புதுசு என்றால் யார் என்று சொல்ல வேண்டாம். எதற்கு என்றும் சொல்ல வேண்டாம். அவள் உட்கார்ந்திருக்கும்போது இயர்போனை இரண்டு காதிலும் வைத்து, மூன்றாவது பாட்டை இரண்டு நிமிடம் முப்பது நொடியிலிருந்து போடுங்கள். பல்லவி தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று, அவள் சொன்னபடியே, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள்.