மார்புக்குள் புகுந்த காற்று

புலியை எதிர்த்து நின்ற யானை ஒன்று எறும்பைக் கண்டு ஓடிற்றாம். மிலிசாவ் அந்த யானைக்கு உடன்பிறப்பு. மருத்துவர்கள் தம் மார்பெலும்பைப் பிளந்து இதயக் குழாய்களைச் சீர்செய்தபோது கலங்காதவர், மொராவா ஆற்றங்கரை மறுவாழ்வு மையத்தில், சன்னலும் கதவும் ஒருசேரத் திறந்திருக்கக் கண்டதும் அலறினார்.

"ராதோய்கா! ஊடுகாத்து! சாத்து, சாத்து!"

மனைவி ராதோய்கா மறுபடியும் எழுந்து சாத்தினாள். சன்னலுக்கும் கதவுக்கும் ஊடே பாயும் ஊடுகாற்று ஆளைக் கொல்லும் என்பது அவ்வூர் நம்பிக்கை; அதில் அவளுக்கும் ஐயமில்லை. அதற்காகத் தைத்த எலும்பின் வலியையும் அதன் தலையில் கட்டுவதா?

சனிக்கிழமை அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவா. அன்று வீட்டுத் தலைவர் விருந்தினர்முன் அமரலாகாது. நாள் முழுதும் நின்றே உபசரிக்கவேண்டும். தந்தை மறைந்த ஆண்டுமுதல் மிலிசாவ் அம்முறையில் வழுவியதில்லை. மருத்துவரோ, நெஞ்சுச் சளி நீங்கி, படியேறிக் காட்டினால்தான் வீட்டுக்கு விடுவேன் என்று சொல்லிவிட்டார். இவரோ வலிக்கும் என்று இருமுவதில்லை, நடப்பதுமில்லை.

பயிற்சி தரும் ஒலிவேரா உள்ளே வந்தாள். வந்ததும் சன்னலைத் திறந்தாள்.

"மிலிசாவ் மாமா, தலையணைய மார்போட இறுக்கிக்கிட்டு ஒரு இருமல் இருமுங்க பாப்போம்."

"வலிக்குது மகளே."

"வலி மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

ராதோய்கா தலையணை உறையை உதறினாள். வெள்ளை மாத்திரைகள் தரையெங்கும் உருண்டோடின.

"இதென்ன மனுஷா, அடைகாக்குறியா? குஞ்சு எப்போ பொரிக்கும்?"

"ஆம்பளைன்னா வலியத் தாங்கணும். எங்கப்பா மருந்தே இல்லாம பல்லப் பிடுங்கிக்கிட்டவரு."

"உங்கப்பாவா? அரைப் போத்தல் ரக்கியாவ உள்ள இறக்கிட்டுத்தான் வாயே திறந்தாரு. ஊத்திக் கொடுத்தவ நான்!"

ஒலிவேரா குனிந்து மாத்திரைகளைப் பொறுக்கினாள். "வலியத் தாங்குறதுக்கு இங்க யாரும் பதக்கம் தர்றதில்ல, மாமா. வலிக்கிறதால மூச்ச பாதியில நிறுத்துறீங்க. சளி உள்ளயே தங்குது. நாளைக்குக் காய்ச்சல் வந்தா ஸ்லாவாவ இந்தக் கட்டில்லதான் கொண்டாடணும்."

"இது எலும்பு வலியே இல்ல. நீ திறந்து வச்ச சன்னல் பண்ற வேலை."

ராதோய்காவின் பொறுமை அத்துடன் அறுந்தது.

"சரி, ஊடுகாத்துதான்! அது எப்போ புகுந்துச்சு தெரியுமா? ஆபரேஷன்ல நெஞ்சத் திறந்து போட்டு வச்சிருந்தாங்களே, அப்போ! உள்ள போய்க் குந்தியிருக்கு. நீ இருமித் தள்ளாம அது எப்படி வெளிய வரும்? மாத்திரை போடாம எப்படி இருமுவ?"

ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாளேயொழிய, அதில் சூழ்ச்சி ஏதுமில்லை. ஆயினும் மிலிசாவின் முகம் வெளிறிற்று. அவர் மெல்ல ஒலிவேராவின் பக்கம் திரும்பினார்.

"அந்த ரூம்ல சன்னல் இருந்துச்சா, மகளே?"

ஒலிவேராவுக்குப் பொய் சொல்ல மனமில்லை. "சன்னல் கிடையாது, மாமா." புது மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினாள். "கதவு மட்டும் ரெண்டு."

"எதிரும் புதிருமாவா?"

"ஆமா."

"கொலைகாரப் பாவிங்க!" என்றார் மிலிசாவ். மாத்திரையை வாங்கி விழுங்கினார். வலி அடங்கியதும் தலையணையைக் கட்டிக்கொண்டு, கட்டில் அதிர இருமினார். பிறகு வேளை தவறாமல் மாத்திரை. தாழ்வாரம் நெடுக நடை. வெள்ளியன்று படியேறிக் காட்டி வீடு திரும்பினார்.

சனிக்கிழமை வீடு நிறைய விருந்தினர். மெழுகுவர்த்தியின் அருகே, தலையணையை அக்குளில் இடுக்கியபடி மிலிசாவ் நின்றார். நின்றே எல்லோரையும் உபசரித்தார். வந்தவர் ஒவ்வொருவரிடமும், தம் நெஞ்சிலிருந்த ஊடுகாற்றை இருமித் தள்ளிய கதையை முதலிலிருந்து சொன்னார். கதவு, சன்னல் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. முட்டைக்கோஸ் உருண்டை வெந்த ஆவியில் வீடே புழுங்கிற்று.

விருந்துக்கு வந்திருந்த ஒலிவேரா நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "அத்தை, ஒரே ஒரு சன்னலையாவது..."

"மூச்! அவரு காதுல விழப்போகுது," என்றாள் ராதோய்கா, பற்களைக் கடித்தபடி. "எலும்பு நல்லாக் கூடட்டும், மகளே. அப்புறம் என் கையாலயே கொல்றேன்."