தொண்டையில் இருந்தவள்

சின்னவளுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். குரல் கணீரென்று இருக்கிறது என்பதற்காகவே அவளை எடுத்தார்கள். அந்தக் குரல்தான் மழைக்காலம் முடிந்த பிறகும் கம்மலாகவே இருந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. கண்காணிப்பாளர் வெந்நீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, மைக்கில் பேசுவது ஆணா பெண்ணா என்று பயணிகள் கேட்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, "அப்பா, நான்தான்" என்றாள்.

"வந்துட்டியா பெரியவளே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பெரியவள் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. பெரிய மகள் போன பிறகு, பார்த்து என்ன ஆகப் போகிறது என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பேச்சும் குறைந்துபோயிருந்தது. வாய் தவறி வந்த பெயர் என்றுதான் சின்னவள் நினைத்தாள். ஆனால் மறுநாளும் அப்படியே கூப்பிட்டார். சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். "நான் சின்னவப்பா" என்று திருத்தினால் அவர் முகம் சட்டென்று அணைந்துபோகும். அதைப் பார்க்க முடியாமல் திருத்துவதை விட்டுவிட்டாள்.

அதன் பிறகுதான் அவளும் கவனிக்கத் தொடங்கினாள். அவள் மைக்கை அணைத்த பிறகும், நிலையத்தின் கடைசி ஒலிபெருக்கியில் குரல் ஒரு நொடி பிந்தி ஓயும். அது அக்காவின் குரல். அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வருகிற அதே குரல். கண்ணாடியில் முகம் ஊதியிருந்தது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்திருந்தன. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. அக்காவும் கடைசி வருஷத்தில் இப்படித்தான் இருந்தாள். தையல் கடையில் மிஷின் மேலேயே தலை சாய்ந்துவிடும். வீட்டில் எல்லோரும் அவளைத் தூங்குமூஞ்சி என்றுதான் கேலி செய்வார்கள். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அக்கா தன் உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறுகிறாள் என்று சின்னவள் உறுதியாக நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. குளித்துவிட்டுத் துவட்டும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஒருநாள், எப்போதோ கிளம்பிப்போன வண்டியை, மேடையில் நிற்பதாக அறிவித்துவிட்டாள். கண்காணிப்பாளர் இந்த முறை சிரிக்கவில்லை. டாக்டரிடம் போய்விட்டு வந்தால்தான் மைக் என்றார்.

டாக்டரம்மா, வெயிலிலும் குளிர்கிறதா என்று கேட்டார்; கழுத்தைத் தொட்டுப் பார்த்து எச்சில் விழுங்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது: தைராய்டு சுரப்பி மிகவும் மந்தம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். சின்னவள் அக்காவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. இப்போது எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் மெதுவாக; அப்போதே ஒரு பரிசோதனை செய்து பார்த்திருக்கலாம்.

மாத்திரை வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் வைத்தே சமாளித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க, எல்லாம் உடம்புக்குத் தெம்புதான். ஆனா மாத்திரை செய்யற வேலையை அது செய்யாது. நீங்களா நிறுத்திடாதீங்க."

சொன்னபடி தினமும் மாத்திரை போட்டாள். மற்றவர்களுக்காக இரவு வேலை பார்ப்பதை நிறுத்தினாள். மைக் பக்கத்தில் வைத்துக் கொறிக்கும் சிப்ஸ் பொட்டலங்கள் போயின. இருட்டுவதற்குள் சாப்பாடு, சீக்கிரம் படுக்கை. நிலையத்துக்கு நடந்தே போனாள். முதலில் தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவது போலவே இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த நடை தன்னை எட்டிப் பிடிக்கட்டும் என்று தன் நடையைக் கொஞ்சம் தளர்த்துவாள்.

சில மாதங்களில் நடை வேகம் பிடித்தது. பின்னால் வந்த சத்தம் எந்தத் தெருவில் நின்றுபோனது என்று அவளுக்கே தெரியவில்லை. குரலும் தெளிந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில்தான் அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"பெரியவளைக் காணோமே" என்றார் ஒருநாள், சாதாரணமாக, கடைக்குப் போனவளைக் கேட்பது போல.

மறுநாள் சின்னவள் மாத்திரை போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. வாரங்கள் ஓட, தொண்டை கனத்தது. அப்பா எழுந்து உட்கார்ந்தார், பழைய கதை பேசினார், சிரித்தார். அவள் அக்காவாகவே பதில் சொன்னாள். நடையை விட்டாள். நின்றுகொண்டே கண் சொருகியது. ஒரு விடுமுறை நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தாள்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஆழத்திலிருந்து ஏறி வருவது போல மெல்லத்தான் கண் திறக்க முடிந்தது. சுவரைத் தடவித் தடவி வந்திருந்த அப்பா, பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன். மாத்திரை போடறியா இல்லையா?"

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? கரகரப்பை வச்சே ரேடியோவுல எந்தப் பார்ட் போச்சுன்னு சொல்றவன் நான். உன் குரலும் அவ குரலும் எனக்கு வேற வேறதான். தெரிஞ்சேதாம்மா கூப்பிட்டேன். அவ பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு."

சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொன்னார்:

"அன்னிக்கு அவளைத் தூங்கட்டும்னுதான் விட்டேன். உன்னை விட மாட்டேன்."

மறுநாளிலிருந்து காலையில் தண்ணீர் டம்ளரோடு அவர்தான் நிற்கிறார். அவள் விழுங்கும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகே நகர்வார். குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் எப்போதாவது அவள் சிரிக்கும்போது அடியில் ஒரு கம்மல் எட்டிப் பார்க்கும். அப்பா சட்டென்று அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார்.

மாத்திரை போட்டால் அரை மணி நேரத்துக்கு டீ குடிக்கக் கூடாது. அவரும் குடிக்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் அக்காவைப் பற்றிப் பேசப் பழகினார்கள். அன்று மதியம் அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று ஒருநாள் சின்னவள் கேட்டாள். அப்பா காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"குளிருதுப்பான்னு சொன்னா. நல்ல வெயில். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தேன்."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. சின்னவள் எழுந்து போய் இறக்கி வைத்தாள்.